'கூலிகள்' என்பது தமிழன்று

தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டுகள் 2023இல் நினைவுகூரப்பட்டது முதல், பெருந்தோட்ட வரலாறு குறித்து நான் வாசிக்கும் மொழிபெயர்ப்புகளில் 'கூலிகள் லயங்களில் குடியமர்த்தப்பட்டனர்', 'கூலிகள் பெரட்டுக்கு அழைக்கப்பட்டனர்' என்பன போன்ற வாக்கியங்கள் ஓயாமல் தென்படுகின்றன (லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு; பெரட்டு என்பது காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பது). உழைப்பவரைக் 'கூலிகள்' என்னும் இவ்வழக்கு கைவிடப்பட வேண்டும்.

ஆங்கிலத்தில் 'கூலி' என்பது ஆசிய உடலுழைப்பாளரைச் சுட்டும் சொல்லாகப் பரவி, பின்னர் இழிசொல்லாக நிலைத்தது. தென்னாபிரிக்காவில் காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்றழைத்தனர். அதன் வேர் நம் கூலியே என்பாரும், குஜராத்தின் கோலி மக்களது பெயர் என்பாரும் உளர்.

வேர் எதுவாயினும், தமிழில் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியமே அன்றி உழைப்பவர் அல்லர். 'மெய்வருத்தக் கூலி தரும்' என்ற 619ஆம் குறளில் அச்சொல் எவ்வளவு பெருமையோடு நிற்கிறது! உழைப்பவரைச் சொல்ல நம்மிடம் கூலியாள், கூலிக்காரர் என்ற சொற்கள் இருக்க, ஊதியத்தின் பெயரையே ஆளுக்குச் சூட்டி, அதற்குக் 'கள்' விகுதியும் சேர்த்து, 'வந்தனர்', 'இறந்தனர்' என்று உயர்திணை வினையால் முடிப்பது, ஆங்கிலேயர் செய்த இழிவை நம் இலக்கணத்துக்குள் நாமே கொண்டுவருவதாகும். ஆள் திரட்டி மேற்பார்த்த கங்காணியிடம் பட்ட கடன், 'துண்டு' எனப்பட்ட கடன் சீட்டில் ஏறித் தோட்டத்துக்குத் தோட்டம் தொடர, 1921இல் அம்முறை ஒழிக்கப்படும் வரை, முழுக் கூலியைக் கையில் காணாதவர் பலர். அவர்களுக்கா கூலி என்று பெயர்?

'தொழிலாளர்' என்று மாற்றினால் அன்றைய அவமதிப்பு மறைந்துவிடும் என்று இவ்வழக்கை ஆதரிப்போர் கூறுவர். அக்கவலை நியாயமானதே. 1931இல் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய காலத்து உரிமைக் குரல் அச்சொல்லில் ஒலிக்கிறது. 1860களின் கோப்பித் தோட்டத் துரை அந்தப் பொருளில் பேசவில்லை. ஆனால் அதற்கு மருந்து 'கூலிகள்' அன்று. வரலாற்றைத் தம் குரலில் கூறும் மொழிபெயர்ப்பாளர் 'கூலியாட்கள்' என்று எழுதட்டும். துரையின் ஏச்சை அப்படியே தர வேண்டிய இடத்தில் 'கூலிக்காரன்' என்றால், அந்த 'அன்' விகுதியே இகழ்ச்சியைச் சுமக்கும். தோட்டத் தொழிலாளர் பற்றிய, இலங்கையின் 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் சுட்டுவோரையும் 'இந்தியக் கூலியாட்கள்' என்றே பெயர்க்கலாம். சட்டத்தின் பொருள் சிறிதும் குறையாது.

இன்றைய மக்களைப் பற்றி எழுதும்போது இவை எதற்கும் இடமில்லை. அட்டனிலும் பதுளையிலும் நாளுக்கு 1,000 ரூபாய் கேட்டுப் போராடியவர்கள் அதைச் சம்பளம் என்றே சொன்னார்கள், தம்மைத் தோட்டத் தொழிலாளர் என்றே சொன்னார்கள். எழுதுவோரும் அப்படியே எழுத வேண்டும்.