பல்லிக்குச் சாட்சி உண்டு, விஷத்துக்கு இல்லை

அருங்காட்சியகத்துக்கு வரும் சிறுவர்களுக்கு டைனோசர்களைப் பற்றி விளக்குவது என் வேலை. ஜூராசிக் காலத்துக் காம்ப்சோக்னேதஸ் என்ற சிறு டைனோசரின் மாதிரி உருவத்தருகே வந்தாலே பெரியவர்கள் சிலர் முந்திக்கொள்வார்கள். அண்மையில் ஓர் அப்பா, "இது கூட்டமாக வந்து கடிக்கும், பல்லில் விஷம்" என்றார். அவர் மகள் என்னைப் பார்த்து, "விஷம் எலும்பில் தெரியுமா சார்?" என்று கேட்டாள். எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி அது.

இந்த ஒல்லி வேட்டைக்காரனைப் பற்றி நாம் அறிந்தவை பெரும்பாலும் இரண்டே எலும்புக்கூடுகளிலிருந்து வந்தவை. ஒன்று ஜெர்மனியின் பவேரியாவில் ஓபர்ன்டார்ஃபர் என்ற மருத்துவரின் சேகரிப்பில் இருந்தது. 1859-இல் வாக்னர் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் அதற்குப் பெயரிட்டார். இப்போது மியூனிக்கில் இருக்கிறது. நீளம் சுமார் 89 செ.மீ., அதிலும் பாதிக்கு மேல் வால். மற்றொன்று பிரான்ஸில் கிடைத்தது, சுமார் 125 செ.மீ. இரண்டும் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுப் பழமையானவை. இரண்டிலும் விஷத்துக்கு அடையாளம் இல்லை. தனித்தனியாகக் கிடைத்தவற்றை வைத்துக் கூட்டத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

ஆனால் அது என்ன தின்றது என்பது தெரியும். ஜெர்மானிய எலும்புக்கூடு பதிந்திருக்கும் கல்லில் அதன் விலா எலும்புகளுக்கு நடுவே இன்னொரு சின்ன எலும்புக்கூடு கிடக்கிறது. அது வயிற்றிலிருந்த கரு என்று 1881-இல் மார்ஷ் என்ற ஆய்வாளர் நினைத்தார். பல்லி வகை உயிரி என்று 1903-இல் நோப்சா என்ற ஆய்வாளர் கண்டார். 1978-இல் ஆஸ்ட்ரோம் என்ற ஆய்வாளர் அதை விரிவாக ஆராய்ந்து, நீண்ட வாலுடைய வேகமான பல்லி என்றார். அதைப் பிடிக்க வேண்டுமானால் பிடிப்பவனும் சுறுசுறுப்பானவனாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஒரு வேளை உணவு இவ்வளவு சொல்கிறது.

வல்லுநர்களும் தவறு செய்திருக்கிறார்கள். பிரெஞ்சு எலும்புக்கூட்டை முதலில் விவரித்தவர்கள் அதன் முன்னங்கையைத் துடுப்பு என்றார்கள். ஜெர்மானியக் கல்லில் கை எலும்புகள் சிதறிக் கிடந்ததால் கைக்கு இரண்டே விரல்கள் என்று நெடுங்காலம் நம்பினார்கள், உண்மையில் மூன்று. 1951-இல் கிடைத்த ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற பழங்காலப் பறவையின் புதைபடிவம் ஒன்றையே இந்த விலங்கு என்று எடுத்துக்கொண்டு, 1973-இல்தான் திருத்திக்கொண்டார்கள். கல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் அத்தனையும் திருந்தின.

பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் நான் கேட்பது இதுதான்: திரைப்படத்தில் பார்த்ததைக் குழந்தையிடம் உண்மை என்று சொல்லிவிடாதீர்கள். "தெரியவில்லை, எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது. பத்து வயதில் மனதில் பதிந்த விஷப் பல்லைக் கல்லூரி மாணவர்களிடமிருந்துகூட அகற்ற முடியாமல் நான் திணறியிருக்கிறேன்.

அன்று அந்தக் கல்லின் படத்தை இருவருக்கும் பெரிதாக்கிக் காட்டினேன். பல்லி எங்கே என்று நான் சொல்லவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்த அப்பாதான் முதலில் கண்டுபிடித்தார். மகளின் விரலைப் பிடித்து அந்தச் சின்ன எலும்புகளின் மேல் வைத்தார்.