பனி குறைந்தால் ஆபத்து கூடும்

"பனி கொட்டித் தீர்த்தால்தானே பனிச்சரிவு வரும்? குறைவாகப் பெய்த ஆண்டில் பனிச்சறுக்கு செல்லும் ஸ்கீயர்களுக்கு எதற்கு எச்சரிக்கை?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கொட்டித் தீர்த்தால் ஆபத்துதான். அதைச் சொல்ல நிபுணர் வேண்டியதில்லை. விஷயம் தெரிந்தவர்களின் வயிற்றில் புளியைக் கரைப்பது வேறொன்று: மெல்லிய பனி, தெளிந்த வானம், கடுங்குளிர்.

கத்தினால் மலை சரியும் என்ற கட்டுக்கதையை முதலில் ஓரங்கட்டிவிடுவோம். குரலின் அழுத்தம் எந்த மூலைக்கும் போதாது. உடைப்பது எடைதான். ஸ்கீயர்கள் இறந்த பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பியவர் சிக்கியவரோ, கூட வந்தவரோதான்.

பனி மூடிய தரை ஏறக்குறைய 0 டிகிரியில் நின்றுவிடும். மேற்பரப்போ தெளிந்த இரவில் வெப்பத்தை வானத்துக்கு இழந்து மைனஸ் 15 வரை இறங்கலாம். பனியின் ஆழம் 2 மீட்டர் என்றால், இந்த வித்தியாசம் மீட்டருக்கு 7.5 டிகிரி. அரை மீட்டர்தான் என்றால் மீட்டருக்கு 30. சுமார் 10-ஐத் தாண்டினாலே பனியின் குணம் மாறத் தொடங்கும்.

எப்படி? துகள்களுக்கு இடையே காற்று, அதில் நீராவி. அடியில் வெப்பம் கூடுதல் என்பதால் ஆவியும் கூடுதல். அது மேலே நகர்கிறது. ஒரு துகளின் உச்சி நீராகாமலேயே ஆவியாகி (பள்ளியில் படித்த பதங்கமாதல்தான்), சற்று மேலே இருக்கும் துகளின் அடியில் போய் உறைகிறது. அந்தத் துகளும் தன் உச்சியை இழந்து அடுத்ததற்குக் கொடுக்கிறது. இப்படியே கைமாறிக் கைமாறி, யாரும் தொடாமலேயே ஓர் அடுக்கு முழுக்க உருமாறிவிடுகிறது. வித்தியாசம் குறைவாக இருந்தால் துகள்கள் உருண்டு, தொடும் இடங்களில் ஒட்டி, கெட்டிப்படும். வித்தியாசம் கூடினாலோ, ஆவி வேகமாக வந்து உறைவதால் தட்டையான முகங்களும் கூரான விளிம்புகளும் வளர்கின்றன, பிணைப்பு வளர்வதில்லை. முற்றிய படிகத்தைக் கை லென்ஸில் பாருங்கள்: வரிவரியாக, உள்ளே குழிந்த சின்னஞ்சிறு கிண்ணம். அள்ளிப் பிடித்தால் உருண்டையாகாது, சர்க்கரை போல விரலிடுக்கில் ஒழுகிவிடும்.

இதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்று அதைப் பலகையாக இறுக்கிவிட்டால் பொறி தயார். ஸ்கீயரின் எடையில் படிகங்கள் நொறுங்க, பலகை சில மில்லிமீட்டர் கீழே அமர்கிறது. 'வூம்ப்' என்ற அமுங்கிய சத்தம் அதுதான். பலகை வளைவதால் பக்கத்துப் படிகங்கள்மேல் சுமை ஏறி அவையும் நொறுங்குகின்றன. இந்த முறிவு சமதளத்திலும் ஓடும். அதனால்தான் பள்ளத்தாக்கின் தட்டைத் தரையில் நிற்கும் ஒருவர், தலைக்கு மேலுள்ள சரிவைக் கிளப்பிவிட முடிகிறது. பனி இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இதைச் சோதிக்கப் பனியில் குழி தோண்டி, சரிவின் குறுக்கே 90 செ.மீ., சரிவின் போக்கில் 30 செ.மீ. அளவுள்ள பனித்தூணை வெட்டித் தனியாக்குகிறார்கள். ஒரு முனையில் மண்வாரியை வைத்து மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. முறிவு மறுமுனைவரை ஓடிவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். ஓடாவிட்டால்? நிம்மதி கிடையாது. பத்தடி தள்ளி அடுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

ஆகவே ஒரு குழியைவிடப் பல ஆண்டுப் பதிவுகள்மேல்தான் எனக்கு நம்பிக்கை. சுவிட்சர்லாந்தில் டாவோஸுக்கு மேலே, வைஸ்ஃப்ளூயோக்கில் 1936 முதல் பனியை ஆராய்கிறார்கள். இத்தகைய சலிப்பான அளவைகளுக்குப் பணம் ஒதுக்குவதில்தான் அரசுகள் கஞ்சத்தனம் காட்டக் கூடாது என்பேன்.

எச்சரிக்கை அறிக்கை, குழி எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது சாய்வு. பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் கிளம்புகின்றன. உங்கள் பாதை 25 டிகிரிதான் என்றாலும், அதற்கு மேலே 38 டிகிரிச் சரிவு தொங்கிக்கொண்டிருந்தால் கணக்கில் எடுக்க வேண்டியது 38-ஐத்தான்.