கடவுச்சொல்லைச் சேமிக்காமல் சரிபார்ப்பது எப்படி?

லினக்ஸில் மின்னஞ்சல் சேவையகம் அமைக்கும் பலரும் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்ற இரண்டு மென்பொருள்களைச் சேர்த்தே அமைக்கிறார்கள். அஞ்சலை வாங்கி அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸ். பெட்டியில் சேர்ந்ததைப் பயனருக்கு எடுத்துக் கொடுப்பது டவ்காட்.

அஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி 1982இல் வெளியானபோது, 'நீ யார்' என்று கேட்கும் வழியே அதில் இல்லை. யார் கொடுத்தாலும் வாங்கி அனுப்பிய சேவையகங்களை எரிதம் (ஸ்பேம்) அனுப்புவோர் சூறையாடினார்கள். 1999இல்தான் அடையாளம் கேட்கும் கட்டளை அதில் சேர்ந்தது.

போஸ்ட்ஃபிக்ஸ் கடவுச்சொல்லைத் தானே சரிபார்ப்பதில்லை. அதே கணினியில் ஓடும் நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் யுனிக்ஸ் சாக்கெட் வழியாக டவ்காட்டிடம் கேட்கிறது. 'சரி' அல்லது 'தவறு' என்று பதில் வருகிறது. இணையத்தில் எவர் வேண்டுமானாலும் தொடர்புகொள்ளக்கூடிய போஸ்ட்ஃபிக்ஸுக்குக் கடவுச்சொல் கோப்பைத் திறக்கும் உரிமையே தேவையில்லை. மிக நல்ல வடிவமைப்பு இது.

கடவுச்சொல்லைச் சேவையகத்துக்குக் காட்ட மின்னஞ்சல் செயலிகள் பரவலாகப் பயன்படுத்தும் முறையின் பெயர் 'பிளெயின்'. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் பேஸ்64 எழுத்துகளாக மாறிப் போகின்றன. பேஸ்64 மறையாக்கம் அல்ல. ஒரே கட்டளையில் எவரும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இதைப் பார்த்துப் பதறி, 1997இல் வந்த கிராம்-எம்டி5 முறைக்கு மாற நினைப்பவர்கள் உண்டு. அதில் சேவையகம் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய சரத்தை அனுப்பும். செயலி அதையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். கடவுச்சொல் வெளியே போவதே இல்லை.

ஆனால் அந்த விடை சரிதானா என்று பார்க்கச் சேவையகமும் அதே கணக்கைப் போட்டாக வேண்டும். அதற்குக் கடவுச்சொல்லையோ, அதற்கு ஈடான ஒன்றையோ அது சேமித்து வைத்திருக்க வேண்டும். அந்தக் கோப்பு திருடு போனால் எல்லாப் பயனர்களின் கணக்குகளும் ஒரே நாளில் பறிபோகும்.

பிளெயின் முறையில் இந்த ஆபத்து குறைவு. வந்த கடவுச்சொல்லோடு சால்ட் எனப்படும் தற்செயல் எழுத்துகளைச் சேர்த்து, டவ்காட் ஒரு ஹாஷ் மதிப்பை, அதாவது திரும்ப மூலத்துக்குக் கொண்டுவர முடியாத ஒரு மதிப்பைக் கணக்கிடுகிறது. கோப்பில் இருக்கும் ஹாஷோடு அது ஒத்துப்போனால் அனுமதி. கடவுச்சொல்லைச் சேமிப்பதில்லை. ஹாஷ் கோப்பைத் திருடியவர் ஒவ்வொரு கடவுச்சொல்லாக ஊகித்துத்தான் பார்க்க வேண்டும். பிகிரிப்ட் போன்ற ஹாஷ் முறைகள் அந்த ஊகத்தை வேண்டுமென்றே மெதுவாக்குகின்றன. பிகிரிப்டில், வேலையின் அளவைத் தீர்மானிக்கும் செலவு எண்ணை ஒன்று கூட்டினால் கணக்கிடும் வேலை இரட்டிப்பாகும். வழியில் ஒட்டுக்கேட்கும் ஆபத்தை, இணைப்பு முழுவதையும் மறைக்கும் டிஎல்எஸ் மறையாக்கம் பார்த்துக்கொள்கிறது. ஆகவே டிஎல்எஸ்ஸுக்குள் பிளெயின் என்பதே என் பரிந்துரை. இரண்டு ஆபத்துகளையும் சேர்த்துக் குறைக்கும் ஸ்கிராம் என்ற முறையும் உண்டு. பல மின்னஞ்சல் செயலிகளில் அது இன்னும் கிடையாது.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். அஞ்சல் பயனர்களுக்கு லினக்ஸ் கணக்கு திறக்காதீர்கள். டவ்காட்டுக்கென்று தனிக் கடவுச்சொல் கோப்பு வையுங்கள். இல்லையென்றால் அஞ்சல் கடவுச்சொல்லை ஊகித்தவர் அதைக் கொண்டே கணினிக்குள்ளும் நுழைய முயல்வார்.

அமைத்து முடித்ததும், செயலிகள் அஞ்சலை ஒப்படைக்கும் 587ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் இல்லாமல் இணைந்து, சேவையகம் என்னென்ன வசதிகள் தருகிறது என்று கேட்கும் ஈஎச்எல்ஓ (EHLO) கட்டளை கொடுத்துப் பாருங்கள். பதிலில், டிஎல்எஸ்ஸைத் தொடங்கலாம் என்று சொல்லும் ஸ்டார்ட்டிஎல்எஸ் (STARTTLS) வர வேண்டும். அடையாளம் காட்டலாம் என்று சொல்லும் ஆத் (AUTH) என்ற வரி வரவே கூடாது. வந்தால், மறையாக்கம் இல்லாமலே கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ள உங்கள் சேவையகம் தயாராக இருக்கிறது என்று பொருள். முதலில் அதை மூடுங்கள்.