அம்மாயியோட டிரங்குப்பெட்டிய முதல்ல தொறங்க

ஹட்டன் பக்கம் லைப்ரரியில வேலை செய்றேன். புரொஜெக்ட் காலம் வந்தா ஏ.எல். (உயர்தர) பிள்ளைங்க வந்து கேக்குறது ஒன்னுதான், "சேர், மலையகத்தப் பத்தி நல்ல புக் ஒன்னு தாங்க." தாறேன், ஆனா புக்குங்கிறது பின்னாடி ஒருத்தர் ஆராஞ்சு எழுதினது. அவர் எதப் பாத்து எழுதினாரோ அதுதான் முதல்நிலை மூலாதாரம், அதாவது அந்தக் காலத்துச் செக்ரோல் (தோட்டத்துப் பேர்ப் பதிவுப் புத்தகம்), கடிதம், பேப்பர், சட்டம், போட்டோ, அங்க இருந்தவங்க வாயால சொல்றது.

போன வருசம் ஒரு பிள்ளை சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தப் பத்தி (குடியுரிமை இல்லாம இருந்த இந்திய வம்சாவளி ஆளுங்கள இலங்கையும் இந்தியாவும் பிரிச்சு எடுத்துக்கிட்ட ஒப்பந்தம்) எழுதிட்டு வந்துச்சு, கணக்கெல்லாம் பேஸ்புக்ல எடுத்தது, ஒன்னும் சரியில்ல. ஒப்பந்தத்தையே எடுத்துக் குடுத்தேன். 1964 ஒக்டோபர் 30, மொத்தம் 975,000 பேர், இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேர பிறகு பாப்பம்னு விட்டுட்டாங்க (1974லதான் ரெண்டு நாடும் பாதிப்பாதியா பிரிச்சாங்க). கணக்கு சரியாயிருச்சு, ஆனா அதுல ஒரு மனுசர் பேரு கூட இல்லையே. வீட்டுல கேட்டுப் பாருன்னேன்.

மறுநாள் அம்மாயியோட பெட்டியிலருந்து ஒரு இந்தியப் பாஸ்போர்ட் கொண்டாந்துச்சு. ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கு, உள்பக்கத்துல ஒரு சீல் கூட இல்ல. இந்தியாவுக்குப் போற கப்பல் தலைமன்னார்லதான், அதுல அம்மாயி ஏறவே இல்ல. ஏன் போகலன்னு பாஸ்போர்ட் சொல்லாது, அம்மாயிதான் சொல்லணும், அத அந்தப் பிள்ளை தேதி, இடம் சொல்லி போன்ல ரெக்கோர்ட் பண்ணிச்சு. அறுபது வருசத்து ஞாபகத்துல வருசம் முன்னப்பின்ன ஆகும், அதனால பாஸ்போர்ட்டுல இருக்க தேதியோட வச்சுப் பாக்கணும்.

எந்தத் தாளா இருந்தாலும் யார் எழுதினது, எதுக்கு எழுதினதுன்னு கேளுங்க. செக்ரோல்ல அரைப்பேர்னு (அரைநாள் சம்பளம்) இருந்தா அது தோட்டம் சம்பளத்துக்குப் போட்ட கணக்கு. கொழுந்து நிறை குறைஞ்சதால அரைப்பேர் வாங்கின பொம்பளை அன்னைக்கு எவ்வளவு நேரம் மலையில நின்னாங்கன்னு அதுல இருக்காது.

பழைய தமிழ்ப் பேப்பருக்கு 'நூலகம்'ங்கிற இணையத்தளத்தப் (noolaham.org) பாருங்க, காசில்ல. அரசாங்கப் பதிவுகளுக்கு கொழும்பு 7ல இருக்க தேசிய சுவடிகள் திணைக்களம், கண்டியிலயும் கிளை இருக்கு.

தயவுசெஞ்சு பழைய தாள லெமினேட் பண்ணாதீங்க, சூட்டுல ஒட்டினது ஒட்டினதுதான், பிரிச்சா தாளும் போயிரும். ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துட்டு திரும்ப பெட்டியிலயே வைங்க. புரொஜெக்ட்ல போடுறதுக்கு முன்னாடி அம்மாயிகிட்ட ஒரு வார்த்த கேளுங்க, பாஸ்போர்ட் நம்பர மறைச்சிருங்க.