சைக்கிளுக்குச் சேணமா?

மதுரையில் எந்த சைக்கிள் கடையிலும் போய் "சேணம் குடுங்க" என்று கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். "சீட்டு" என்றால்தான் எடுத்துப் போடுவார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். கட்டைவிரலால் அழுத்தினால் பாதி விரல் உள்ளே போகிற ஜெல் சீட்டு கிடைத்தது. ஆண்டிபட்டிக் கணவாய் வரை போவதாக ஏற்பாடு. உசிலம்பட்டியிலேயே இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வடை தின்றேன். கோளாறு பாதி சீட்டில், பாதி சொல்லில்.

ஆங்கிலக்காரர்கள் இதைச் சொல்வது 'சேடில்' என்று. குதிரை முதுகிலிருந்து இறங்கி சைக்கிளுக்கு வந்த சொல். 'சீட்' அதற்கு ஒரே வேரில் பிறந்த உறவு; இரண்டுக்கும் அடி, உட்காருதல். ஆனாலும் நாற்காலிக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று என்று பிரித்து வைத்துக்கொண்டார்கள்.

நம்மிடமும் அந்தப் பிரிவினை உண்டு. சேணம், கலனை, பல்லணம் என்று குதிரைக்கென்றே சொற்கள் இருந்தன. பல்லணம் வடமொழிப் 'பர்யாண'த்தின் வழி வந்தது. 'பண்ணுதல்' என்பதற்கே பழந்தமிழில் குதிரை, யானை, தேர் இவற்றுக்கு வேண்டியதைப் பூட்டி ஆயத்தம் செய்தல் என்றொரு பொருள். "என்ன பண்றீக?" என்று நாம் தினமும் கேட்பதில் ஒரு குதிரை ஒளிந்து நிற்கிறது! ஐயனார் கோயில் திருவிழாவான புரவி எடுப்பில் தோளில் ஏறி வரும் மண்குதிரையின் முதுகில் வர்ணம் தீட்டியிருப்பதும் சேணம்தான்.

இருக்கையில் உடம்பின் பாரம் மொத்தமும் இறங்கிவிடும், காலுக்கு வேலையில்லை. சேணத்தில் கால் இருபுறமும் தொங்கி உழைக்கும். குதிரைக்குக் கால் வைக்கும் வளையமான அங்கவடி, சைக்கிளுக்குப் பெடல். குனிந்து ஓட்டுகிற ரோடு சைக்கிளில் கையும் காலும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். மிச்சத்தைத் தாங்க வேண்டியவை இடுப்புக்கு அடியில் இருக்கிற இரண்டு எலும்பு முனைகள். மெத்தை கூடினால் அவை அமிழ்ந்து, நடுவில் உள்ள நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கும். மரத்துப்போவது அதனால்தான். நிமிர்ந்து ஓட்டும் பழைய கறுப்பு சைக்கிளுக்கு ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டு பொருத்தம்தான். அதை ரோடு சைக்கிளில் மாட்டினால் தொடையை உரசியே புண்ணாக்கிவிடும்.

இங்கிலாந்தின் புரூக்ஸ் என்பவர் 1882-இல் காப்புரிமை பெற்ற தோல் சேணத்தின் வழியே வேறு. மெத்தை கிடையாது, நார்க்கட்டில் மாதிரி தோலை இழுத்துக் கட்டியிருக்கும். ஓட்ட ஓட்ட உட்காருபவரின் அச்சுக்குப் படியும்.

அளவெடுக்க, அட்டைப்பெட்டியைக் கிழித்து கல்திண்ணையில் போட்டு, அதன்மேல் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்து எழுந்தேன். இரண்டு குழிகள் விழுந்தன. நடுவுக்கு நடு 118 மில்லிமீட்டர். இதோடு சுமார் 2 செ.மீ. கூட்டினால் சேணத்தின் அகலம். மாட்டியபின் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி மேலே வைத்துப் பார்த்தேன். சேணத்தின் மூக்கு, அதாவது முன்நுனி, தூக்கியிருந்தால் அத்தனை பாடும் வீண்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சீட்டு என்றால் ஏலச்சீட்டும் நினைவுக்கு வரும். இருக்கை பஸ்ஸுக்கும் தியேட்டருக்கும் போய்விட்டது. என் ஓட்டு சேணத்துக்கே: மிதிவண்டிச் சேணம். போன மாதம் கடையில் அதையே சொல்லிப் பார்த்தேன். "சேணம்ணே. ஒடுக்கமா, கெட்டியா, நடுவுல பள்ளம் விட்டது."

"அப்ப ரேஸ் சீட்டுன்னு கேளுங்க தம்பி" என்று மேல்தட்டிலிருந்து எடுத்துத் தூசி தட்டினார்.