ப்ளென் ஏர்னா வெளிப்புற ஓவியம் இல்ல, கள ஓவியம்

ஓவிய வகுப்பு நோட்டீஸ், கண்காட்சி அழைப்பிதழ், வாட்ஸப் பார்வேர்டுன்னு எங்க பார்த்தாலும் ப்ளென் ஏருக்கு (plein air, எடத்துக்கே போயி நின்னு படம் தீட்டுறது) "வெளிப்புற ஓவியம்"னே போடுறாங்க. காசிமேட்டுல நடந்த ஒரு பயிற்சிக்கும் அதே பேர்தான். தண்டையார்பேட்டைல வீடுகளுக்கு பெயிண்ட் அடிக்கிற அண்ணன் ஒருத்தர் அத படிச்சுட்டு "எத்தன சதுர அடி சார், மெட்டீரியல் யாருது"ன்னு கேட்டாரு. அவர் மேல தப்பே கிடையாது. வெளிப்புறம்னா செவுத்தோட வெளிப்பக்கம்.

சொல்லோட கதை சின்னது. பிரெஞ்சுல ப்ளென்னா முழுசா நிறைஞ்சது, ஏர்னா காத்து, ஆன் ப்ளென் ஏர்னா செவுரு கூரை இல்லாம காத்தாட. ஓவியத்துல, ஈசல, அதாவது படத்த நிறுத்தி வைக்கிற தாங்கிய, தூக்கிட்டு எடத்துக்கே போயி கண்ணெதிர்ல இருக்கறத அங்கயே நின்னு தீட்டுறது. முன்னல்லாம் அரைச்ச எண்ணெய் வண்ணத்த பன்னியோட மூத்திரப்பைல கட்டி வச்சிருந்தாங்க, 1841ல ஜான் காஃப் ராண்ட்ங்குற அமெரிக்க ஓவியர் தகர ட்யூபுக்கு காப்புரிமை வாங்குனப்புறம்தான் வண்ணத்த பையில போட்டுட்டு கெளம்புறது சுலபமாச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். "வெளிப்புற"ங்குற அடைமொழி படத்து மேல போய் ஒட்டிக்குது. படம் வெளிய மாட்டியிருக்கா, இல்ல வெளிய இருக்கறத காட்டுதா? ரெண்டுமே இல்ல. தீட்டுறவர் எங்க நின்னாருங்கறதுதான் மொத்த சங்கதியும். போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து வீட்ல ஃபேனுக்கு கீழ உக்காந்து போட்டாலும் "வெளிப்புற ஓவியம்"னு தாராளமா சொல்லிக்கலாம், அப்படின்னா அந்த சொல்லு எதுக்கு? சிலர் "திறந்தவெளி ஓவியம்"ங்குறாங்க. அது பரவால்ல, ஆனா திறந்தவெளிங்கறது வெறும் எடம், அங்க ஒருத்தர் வேல பாக்குறார்ங்கற சேதி அதுல இல்ல. "முழுக்காற்று ஓவியம்"னு ஒரு எடத்துல பார்த்தேன், அகராதிய பிரிச்சு வச்சு பாதி பாதியா ஒட்டுனது, அதப் பத்தி பேசறதுக்கே ஒண்ணுமில்ல.

நம்மகிட்ட களம் இருக்கே. நெற்களம், போர்க்களம், ஏர்க்களம், எல்லாமே கூரையில்லாத எடம், எல்லாத்துலயும் ஆள் எறங்கி வேல செய்றான். எடமும் வேலையும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கு. களம்னா கள ஆய்வு மாதிரி தோணுதேன்னு ஒரு நண்பர் சொன்னார். தோணட்டும், அதுவும் நேர்ல போய் செய்றதுதான. அதனால கள ஓவியம். வினையா சொன்னா களத்துல தீட்டுறது, "வரையறது" வேணாம், வரையறதுன்னா கோடு, எண்ணெய் வண்ணத்த தீட்டத்தான் முடியும்.

இதோட சேர்ந்த இன்னொரு கொடுமை, லேண்ட்ஸ்கேப்ப "இயற்கைக் காட்சி"ன்னு எழுதறது. எண்ணூர் முகத்துவாரத்துல நின்னா கொசஸ்தலை ஆறு, வலைக்காரங்க படகு, அதுக்குப் பின்னாடி அனல்மின் நிலையத்து புகைபோக்கி, இதுல எத இயற்கைன்னு சொல்வீங்க? பிள்ளைங்க இந்த சொல்ல கேட்டதும் ரெண்டு மலை நடுவுல சூரியன் போடுறாங்க, ராயபுரத்துல பொறந்த புள்ள கூட. நிலக்காட்சின்னு சொன்னா புகைபோக்கியும் உள்ள வரும், ஐஸ் லாரியும் வரும்.

நிலம் மட்டும் போதாது, பொழுதும் வேணும். முதற்பொருள்னா நிலமும் பொழுதும்னு தொல்காப்பியம் சேர்த்தே சொல்லுது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890 கோடை முடிவுல ஆரம்பிச்சு பனி விழுற வரைக்கும் அதே வைக்கோல் போருங்களயேதான் தீட்டுனாரு, வெளிச்சம் மாற மாற கித்தான மாத்திக்கிட்டே. 1891ல அதுல 15 படத்த காட்சிக்கு வச்சாரு. அவர் வீட்டுக்குள்ள வச்சும் அப்புறம் திருத்துனவர்தான், இருந்தாலும் படத்தோட உசுரு களத்துலதான் பொறந்துச்சு. இங்க சித்திரைலயும் ஆவணி பொறக்குறப்பவும் சூரியன் நேரா தலைக்கு மேல வந்துரும், உச்சில படகுக்கு பக்கத்துல நிழலே விழாது. ஐப்பசி மழைல ஈரக்காத்துக்கு எண்ணெய் காயவே மாட்டேங்கும், நேத்து தீட்டுனது இன்னிக்கும் வழவழன்னு இருக்கும். இப்படி பொழுது மாற மாற ஒரே எடத்த தீட்டுறத "பருவகால ஓவியத் தொடர்"னு மொழிபெயர்க்குறவங்க, கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில்னு ஆறு பேர நம்ம மொழி கையில வச்சிருக்குறத ஒரு தடவ கூட தொடறதில்ல.

கண்காட்சி வைக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்துக்கு கீழ "எண்ணூர் முகத்துவாரம், கூதிர், எண்ணெய் வண்ணம், கள ஓவியம்"னு எழுதுங்க. போட்டோவ பார்த்து போட்டதுக்கு அந்த கடைசி சொல்ல மட்டும் எழுதாதீங்க.