டெகரேஷன்: அலங்காரம் அல்ல, சுற்றுச்சட்டம்

புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் தம்பி ஒருவர் போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மடிக்கணினித் திரை 1366 × 768. உயரத்தில் ஒரு வரி கூடுதலாகத் தெரிந்தாலும் அவருக்கு லாபம். அதனால் சாளரத்தின் உச்சியில் இருக்கும் தலைப்புப் பட்டையை எடுத்துவிட நினைத்து, தமிழில் எழுதப்பட்ட ஒரு வழிகாட்டியைப் பின்பற்றியிருக்கிறார். “‘சாளர அலங்காரத்தை நீக்கவும்’ என்று போட்டிருக்கிறது அண்ணா. வால்பேப்பரை மாற்றிவிட்டேன், ஐகான்களையும் மாற்றிவிட்டேன். பட்டை அப்படியே நிற்கிறது” என்றார். ஒரு மணி நேரம் வீண். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அலங்காரம் என்று சொன்னால் தமிழ் தெரிந்த எவரும் அங்கேதான் போய்த் தேடுவார்.

ஆங்கிலத்தில் ‘விண்டோ டெகரேஷன்’ என்பதற்குத் தமிழாக்கமாக வந்த இந்தச் ‘சாளர அலங்காரம்’ என் கண்ணில் படுவது இது முதல் முறையல்ல. இதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் ‘டெகுஸ்’ என்றால் சிறப்பு, பெருமை. அதிலிருந்து அழகுபடுத்துதலைக் குறிக்கும் வினை பிறந்து, டெகரேஷன் ஆகி ஆங்கிலத்துக்கு வந்தது. நம் அலங்காரம் வடசொல். ‘அலம்’ என்றால் போதுமானது, ‘காரம்’ என்றால் செய்தல். அகராதியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போலத்தான் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் அகராதியை மூடிவிட்டுத் திரையை ஒருமுறை பார்த்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திருக்காது.

திரையில் என்ன இருக்கிறது? லினக்ஸ் இயங்குதளத்தில் திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய எக்ஸ் விண்டோ முறையில், ஒரு செயலி பொதுவாகத் தன் உள்ளடக்கத்தை மட்டுமே வரையும். அதைச் சுற்றியுள்ள விளிம்பு, மேலே தலைப்புப் பட்டை, அதில் மூடவும் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் உரிய பொத்தான்கள் ஆகியவற்றைச் சாளர மேலாளர் என்ற வேறொரு நிரல் வரையும். இந்த முழுத் தொகுதிக்கும் சேர்த்துத்தான் டெகரேஷன் என்று பெயர். சாளரத்தை இழுப்பது, ஓரத்தைப் பிடித்து அளவை மாற்றுவது, மூடுவது எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கின்றன. பழநியில் ராஜ அலங்காரத்தைக் களைந்தாலும் முருகன் முருகனே, தரிசனத்துக்குக் குறைவில்லை. சாளரத்தின் டெகரேஷனைக் களைந்தால் கைப்பிடியே போய்விடுகிறது.

வடசொல் வேண்டாம் என்று சிலர் ‘சாளர ஒப்பனை’ என்கிறார்கள். தனித்தமிழ் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். சாளரம், செயலி, நிரல் எல்லாம் அந்த ஆர்வம் கணினித் தமிழுக்குக் கொண்டுவந்த நல்ல சொற்கள். ஆனால் ஒப்பனை, அலங்காரத்தின் பிழையை அப்படியே வாங்கிக்கொண்டு சட்டையை மட்டும் மாற்றியிருக்கிறது. ஒப்பனை என்றதும் நாடக மேடையும் முகப்பூச்சும்தான் நினைவுக்கு வருகின்றன. அழகு என்ற பொருளே இங்கே தவறு என்னும்போது, அதை எந்த மொழி வேரிலிருந்து எடுத்தாலும் தவறுதான். சிலப்பதிகாரத்தில் ‘கோலச் சாளரம்’ வருகிறதே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். வருகிறது. அங்கே கோலம் சாளரத்துக்கு அடைமொழி. சாளரத்தைச் சுற்றியிருக்கும் தனி உறுப்பின் பெயரல்ல.

நிரலை எழுதியவர்கள் அதை என்னவென்று நினைத்தார்கள் என்பதற்கு அவர்களுடைய கோப்பே சாட்சி. லினக்ஸின் திரைச் சூழல்களில் ஒன்றான கேடிஇ பிளாஸ்மாவில், ஒரு சாளரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் வகுக்கும் சாளர விதிகள் உண்டு; அவற்றில் ஒன்று ‘தலைப்புப் பட்டையும் சட்டமும் வேண்டாம்’ என்ற பொருளில் இருக்கிறது. அதை இயக்கியதும் அமைப்புக் கோப்பில் ‘நோபார்டர்’ என்ற சொல் எழுதப்படுகிறது. விளிம்பு இல்லை என்பதுதான் அதன் பொருள். அழகு இல்லை என்பதல்ல.

இதைவிடப் பெரிய கேடு அடுத்த படியில் வருகிறது. 2013-இல் வெளியான, இன்னொரு திரைச் சூழலான க்னோமின் 3.10 பதிப்பு முதல், பல செயலிகள் தங்கள் தலைப்புப் பட்டையைத் தாங்களே வரைந்துகொள்கின்றன. இதற்கு ஆங்கிலத்தில் ‘கிளையன்ட் சைடு டெகரேஷன்’ என்று பெயர். இங்கே கிளையன்ட் என்பது செயலி. இதை ‘வாடிக்கையாளர் பக்க அலங்காரம்’ என்று தமிழாக்கியதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கடை வாசலில் தோரணம் கட்டுவது போல இருக்கிறது! தம்பியின் இரண்டாவது சிக்கலே இதுதான். பக்க வடிவமைப்புச் செயலியில் விதி வேலை செய்தது. உரைத் திருத்தியில் வேலை செய்யவில்லை. அந்த உரைத் திருத்தி தன் பட்டையைத் தானே வரைகிறது. சாளர மேலாளர் தான் வரைந்ததைத்தான் எடுக்க முடியும். செயலி தனக்குள் வரைந்துகொண்டதில் அந்த விதி கை வைக்காது. ‘செயலி வரையும் சட்டம்’, ‘மேலாளர் வரையும் சட்டம்’ என்று இரண்டு தொடர்கள் இருந்திருந்தால் இதை அவரே கண்டுபிடித்திருப்பார்.

சட்டம் என்ற சொல்லைத் தச்சரிடம் கேளுங்கள். ஜன்னலுக்குச் சட்டம், படத்துக்குச் சட்டம், கண்ணாடிக்குச் சட்டம். நடுவில் இருப்பதைத் தாங்கிப் பிடிக்கும் நான்கு பக்க உறுப்பு அது. நமக்குத் தேவையான பொருளும் அதுவே. ஒரே இடைஞ்சல், சட்டம் என்பதற்கு விதி என்றும் பொருள் உண்டு. ‘சாளரச் சட்டங்கள்’ என்று எழுதினால் விளிம்புகளா, விதிகளா என்ற குழப்பம் வரும்; விதிகள் என்ற பொருளிலேயே ஒருவர் அப்படி எழுதியும் இருக்கிறார். சட்டகம் என்று மாற்றலாம் என்றால், மென்பொருள் எழுதுவோர் அதை ‘ஃபிரேம்வொர்க்’ என்ற வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆகவே சுற்றுச்சட்டம் என்கிறேன். சுற்றுச்சுவர் எல்லோருக்கும் தெரியும். இதற்குத் தனியாக விளக்கம் வேண்டாம். தலைப்புப் பட்டை அதன் மேற்பகுதி. விதியை விதி என்றே விட்டுவிடலாம்.

‘மறை’ என்ற வினையையும் இங்கே தவிர்க்க வேண்டும். மறைத்தது திரும்ப எட்டிப் பார்க்கும் என்று பயனர் எதிர்பார்ப்பார். இந்த விதியோ பட்டையை வரையாமலே விட்டுவிடுகிறது.

தம்பிக்கு நான் எழுதி அனுப்பியது இது: “அமைப்புகளில் சாளர விதிகளைத் திறந்து புதிய விதி ஒன்றைச் சேர். சாளரத்தின் பண்புகளைக் கண்டறியும் பொத்தானை அழுத்தி, உன் செயலியின் சாளரத்தின் மேல் சொடுக்கு. செயலியின் அடையாளப் பெயரான சாளர வகுப்பை மட்டும் பொருத்து. தலைப்பைப் பொருத்தாதே, கோப்பு மாறினால் தலைப்பும் மாறும், விதி பிடிக்காது. பிறகு சுற்றுச்சட்டம் வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடு. ‘தொடக்கத்தில் மட்டும்’ என்று விடாமல் ‘கட்டாயமாக’ (ஃபோர்ஸ்) என்று வை. செயலியே பட்டையை வரைந்தால் இது பலிக்காது. அந்தச் செயலியின் அமைப்புகளில் தேடு.”

பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “பட்டை போய்விட்டது அண்ணா. இப்போது சாளரத்தை எப்படி மூடுவது?”

ஆல்ட்டும் எஃப்4-உம் அழுத்தினால் மூடும், ஆல்ட்டும் எஃப்3-உம் அழுத்தினால் அந்தச் சாளரத்தில் செய்யக்கூடிய செயல்களின் பட்டி வரும் என்று எழுதினேன்.